சட்டைப் பையில் ஒரு கடை

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எல்லாரும் ஒரே தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. யார் வீட்டில் மல்லிகை தொடுக்கிறார்கள் என்பது மணத்திலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் கோயில் பண்டாரத்தைக் கேட்டால் போதும்.

இன்றைய நிலை அப்படியா? பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. நம்மவர்களில் பலர் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். புக்கிட் ரோத்தானில் கட்டுகிற மாலையை வாங்க வேண்டியவர் ஈஜோக்கில் இருக்கிறார். இன்னொருவர் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறார். மற்றொருவர் தஞ்சோங் காராங்கில் இருக்கிறார். மல்லிகை மணம் பத்துக் கட்டை தூரம் வீசாது, வாசகர்களே! அந்தத் தூரத்தைக் கடக்க நமக்கு ஒரு சிறிய அட்டை வேண்டியிருக்கிறது.

நாம் பேச்சில் ‘நேம் கார்டு’ என்று சொல்கிற அறிமுக அட்டையைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். “அது பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம், பள்ளிக்கூட டீச்சருக்கு அதில் என்ன வேலை?” என்று கேட்பீர்கள். வேலை வந்தது, அதில் ஒரு பாடமும் கிடைத்தது. அந்தப் பாடத்துக்கான செலவு என்னுடையதாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு மனம் நோகாது.

என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் இருக்கிறார். நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியே பிள்ளைகளை வளர்த்தவர். கணவர் காலமானார், முதுகுவலியும் வந்தது, தோட்ட வேலையை விட்டார். கைவந்த கலையாக அவரிடம் இருந்தது மாலை கட்டுவது ஒன்றுதான். அதையே தொழிலாக்கிக் கொண்டார். தை மாதக் கல்யாணங்களை நம்பி, பூ வைக்க ஒரு பெரிய குளிர்ப்பெட்டியைத் தவணையில் எடுத்தார். தொழிலுக்கென்று தனியாக ஒரு கைப்பேசி எண்ணும் வாங்கினார். மகன் கணினி தெரிந்தவன். அவனே அட்டையை வடிவமைத்தான். மார்கழியில் 300 அட்டைகள் அச்சாகி வந்தன.

பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! கருஞ்சிவப்பு வண்ணத்தில் பொன்னிற எழுத்துகள்; ஒரு தாமரை, ஒரு குத்துவிளக்கு, ஓரமெல்லாம் கொடிக் கோலம். கோயிலில் கொடுத்தார், கடைத்தெருவில் கொடுத்தார், தைப்பூசக் கூட்டத்திலும் கொடுத்தார். தை முடிகிறவரை அந்தப் புது எண்ணுக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை. “அட்டையெல்லாம் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஒத்துவராது டீச்சர்” என்றார் அக்கா. நானும் தலையாட்டினேன்.

அந்த அட்டையில் மூன்று குறைகள் இருந்தன. மூன்றாவது என்னுடைய குறை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்ன தொழில் என்று முதலில் சொல்லுங்கள்

முதல் குறை, அட்டையில் ‘மாலை’ என்ற சொல்லே இல்லை. ‘கிரியேட்டிவ் ஃபுளோரல் கான்செப்ட்’ என்று ஆங்கிலத்தில் வளைத்து வளைத்து எழுதியிருந்தது. பையன்மேல் குற்றமில்லை. அம்மாவின் தொழில் பெரியதாகத் தெரிய வேண்டும் என்கிற ஆசை அவனுக்கு. ஆனால் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஒரு தாய் மனத்தில் தேடுவது ‘கான்செப்ட்’ அல்லவே! ‘மாலைக்கு யாரிடம் சொல்லலாம்?’ என்றுதான் அவர் யோசிப்பார். அவர் கேட்கும் சொல்லே அட்டையின் முதல் வரியாக இருக்க வேண்டும். தையற்காரர் ‘தையல், ரவிக்கை’ என்று போடட்டும். குழாய் வேலை செய்பவர் ‘குழாய் பழுது பார்த்தல்’ என்று போடட்டும். பலகாரம் செய்பவர் ‘முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு’ என்றே போடட்டும். தொழிலின் பெயர் முதலில் வரட்டும். நம் பெயர் அடுத்து வரட்டும்.

செய்கிற வேலை பத்து இருந்தால் பத்தையும் அடுக்க வேண்டாம். பத்து வேலை எழுதிய அட்டையைப் பார்ப்பவருக்கு, இவருக்கு எது நன்றாக வரும் என்ற சந்தேகமே மிஞ்சும். முக்கியமான மூன்றையோ நான்கையோ எழுதினால் போதும். மற்றவற்றைப் பேச்சில் சொல்லிக்கொள்ளலாம்.

எந்த மொழியில் எழுதுவது? யார் வாங்குகிறார்களோ அவர்கள் மொழியில். கல்யாண மாலைக்கு நம்மவர்கள் வருவார்கள். ஆகவே தமிழ் மேலே இருக்கட்டும். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பிரமுகருக்கு மாலை வேண்டும் என்று மலாய் ஆசிரியரும் கேட்பார். ஆகவே மலாயில் ஒரு வரி கீழே இருக்கட்டும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய் என்று பிரித்தாலும் சரியே.

சின்னப் படம் ஒன்று போடலாம். ஆனால் அந்தப் படம் தொழிலைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டின் சிவகாசி இதற்கு நல்ல உதாரணம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி பெருகியதும் அதன்மேல் ஒட்டும் படங்கள் தேவைப்பட்டன. அந்தத் தேவையிலிருந்து அங்கே அச்சுத் தொழிலும் வளர்ந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் பெட்டியின் மேலுள்ள படத்தைச் சொல்லியே கடையில் கேட்டு வாங்கினார். தாமரையும் குத்துவிளக்கும் அழகுதான். ஆனால் மாலைக்காரர் அட்டையில் மாலைப் படம் ஒன்று இருந்தால் அதுவே பாதி பேசிவிடும்.

வாசிக்க முடியாத அழகு எதற்கு?

இரண்டாவது குறை, எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. கணினித் திரையில் பொன்னெழுத்து பளபளத்தது; சாயங்காலம் கடை அஞ்சடி வெளிச்சத்தில் அட்டையை எடுத்தால் கருஞ்சிவப்புக்குள் ஒளிந்துகொண்டது. கல்யாண வீட்டில் மாலைக்குச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுடையது. அவர்களுக்கு மூக்குக்கண்ணாடியைத் தேடவைக்கும் அட்டை உதவாது. வெள்ளை அல்லது வெளிர் நிறத் தாளில் கறுப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான எழுத்தே நல்லது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு அச்சகங்களில் இந்த அட்டை பெரும்பாலும் 90 மில்லிமீட்டர் நீளமும் 54 மில்லிமீட்டர் அகலமும் இருக்கும். நம் அடையாள அட்டையைவிட ஒரு நூல் பெரியது. இந்தச் சின்ன இடத்தில் தொலைபேசி எண்தான் பெரிதாகத் தெரிய வேண்டும். எண்ணை 12 புள்ளி அளவுக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்து 8 புள்ளியில் படிக்கக் கூடியதுதான். தமிழுக்கு அது போதாது. ‘ணை’, ‘ஞ’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் மை அடைத்துக்கொள்ளும். தமிழை 9 புள்ளிக்குமேல் வையுங்கள். ஓரத்திலிருந்து 4, 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி எழுத்தைத் தொடங்கினால், வெட்டும்போது எழுத்து அறுபடாது.

தாள் 260 அல்லது 310 கிராம் அட்டையாக இருந்தால் சட்டைப் பையில் மடங்காது. பளபளப்புப் பூச்சு வேண்டாம். அதன்மேல் பேனா எழுதாது. எழுதுவது எதற்கு என்கிறீர்களா? அட்டையின் பின்புறம் வீணாகக் கிடக்கிறதே! ‘தேதி, நேரம், எத்தனை மாலை, முன்பணம்’ என்று நான்கு கோடுகள் போட்டால், பேசி முடித்ததை அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். அப்படி எழுதிய அட்டையை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். கல்யாணம் முடிகிறவரை பத்திரமாக வைத்திருப்பார்கள்.

வீட்டைக் காட்டும் அட்டை

முகவரி எழுதுவதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தாமானில் ‘லோட்’ எண்ணையும் ‘ஜாலான்’ எண்ணையும் எழுதினாலும் பழைய தோட்டத்து ஆட்களுக்கு விளங்காது. ‘கோயிலுக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது வீடு’ என்றால் உடனே வந்துவிடுவார்கள்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய லண்டன் நகரத்துக் கடைக்காரர்களுக்கும் இதே பாடுதான். அங்கே வீடுகளுக்கு எண் போடும் வழக்கம் 1760-களில்தான் பரவத் தொடங்கியது. அதற்கு முன் கடைக்காரர்கள் வாசலில் ஒரு படப் பலகையைத் தொங்கவிட்டார்கள். அட்டையிலும் அதே படத்தைச் செதுக்கி, இன்ன தெருவில், இன்ன தேவாலயத்துக்கு அருகில், இன்ன பலகை தொங்கும் கடை என்று வழியும் எழுதினார்கள். பின்னாளில் பெரிய ஓவியராகப் புகழ்பெற்ற வில்லியம் ஹோகார்த் 1720-இல் செதுக்குத் தொழிலைத் தொடங்கியபோது, தமக்கும் அப்படி ஓர் அட்டையைச் செதுக்கிக்கொண்டார். ஆக, கடைக்காரர் அட்டை பிறந்ததே பெருமைக்காக மட்டுமன்று, வழி காட்டுவதற்காகவும்தான்.

நாமும் அப்படியே செய்யலாம். தபால் முகவரியும் அஞ்சல் குறியீடும் ஒரு வரி: கோல சிலாங்கூருக்கு 45000, பெஸ்தாரி ஜெயாவுக்கு 45600, தஞ்சோங் காராங்குக்கு 45500. அதன் கீழ் ஓர் அடையாளம்: கோயில், பள்ளிக்கூடம், எண்ணெய்க் கடை, ஏதாவது ஒன்று. ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ஆனால் நம் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. கோலாலம்பூரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் வருகிறவருக்குப் பழைய பெயரைப் பலகையில் தேடத் தெரியாது. புதிய பெயரை முகவரியிலும் பழைய பெயரை அடையாள வரியிலும் வைத்தால் இருவருக்கும் உதவும்.

தோட்டத்தின் பெயரும் அப்படித்தான். 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது நம் வட்டாரத்துத் தென்னமரத்தில். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தென்னமரம் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். ‘முன்பு இன்ன தோட்டத்தில் இருந்தவர்’ என்று நான்கு சொல் சேர்த்தால், அந்தத் தோட்டத்து மக்கள் அட்டையைத் தூக்கிப் போடமாட்டார்கள்.

போடக் கூடாதவை

அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அட்டையில் வேண்டவே வேண்டாம். அவை தவறான கைக்குப் போனால் தொல்லை. வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் நேரே பேச ஒரு கியூஆர் குறியீடு போடலாம். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டுப் போடுங்கள். பணம் வாங்கும் டூயிட்நவ் குறியீட்டையும் பக்கத்திலேயே போட்டால் வருகிறவர் குழம்பிப்போவார். முன்பணம் பேசி முடிந்தபின் அதைத் தனியாக அனுப்பலாம்.

சிங்கப்பூரிலுள்ள உறவினரும் அழைக்கட்டும் என்று எண்ணுக்கு முன்னால் +60 சேர்ப்பவர்கள், அடுத்து வரும் பூச்சியத்தை எடுத்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்ட அட்டைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: வீட்டிலிருந்து செய்தாலும் தொழில் தொழில்தான். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. தனியாக வணிகப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. பதிவு எண்ணைச் சிறிதாக அட்டையின் அடியில் போட்டால், பள்ளிக்கூடமும் அலுவலகமும் நம்பிக்கையோடு வேலை கொடுக்கும். ஆனால் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்பதை அழகுக்காகச் சேர்க்காதீர்கள். அது முறைப்படி அமைந்த நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது.

என் குறை

இனி மூன்றாவது குறை. அச்சுக்குப் போகுமுன் அட்டையின் மாதிரி என்னிடம்தான் வந்தது. “டீச்சர் ஒரு தடவை பார்த்துக் கொடுத்தா போதும்” என்றார் அக்கா. அன்றாடம் சொல்வதெழுதுதல் திருத்துகிற கை அல்லவா! அம்மன் பெயரில் ஒற்றுப்பிழை இருந்தது, திருத்தினேன். மலாய் வரியில் ஓர் எழுத்து விட்டிருந்தது; சேர்த்தேன். ‘சரி, அச்சிடலாம்’ என்று அனுப்பினேன்.

தொலைபேசி எண்ணில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. நான் அந்த வரியைப் பார்த்தேன், வாசிக்கவில்லை. அக்காவின் எண் எனக்கு மனப்பாடமும் இல்லை. கைப்பேசியில் பெயரைத் தட்டித்தானே எல்லாரையும் கூப்பிடுகிறோம்? எண்ணை யார் பார்க்கிறோம்?

மாசி பிறந்தபின் ஜெராமிலிருந்து ஓர் அம்மாள் அக்கா வீட்டைத் தேடி வந்தார். “மூணு தடவை கூப்பிட்டேன். யாரோ ஒரு மலாய்க்காரர் எடுத்துத் தப்பான நம்பர்னு வெச்சிட்டாரு. மக கல்யாணத்துக்குக் கிள்ளான்ல சொல்லிட்டோம். இருந்தாலும் அன்னிக்கி நீங்க கோயிலுக்குக் கட்டின மாலை கண்ணுலயே நின்னுச்சு, அதான் நேர்ல பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். அந்த ஒருவர் தேடி வந்தார். தேடி வராதவர்கள் எத்தனை பேரோ!

அக்கா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “விடுங்க டீச்சர், வேணும்னா செஞ்சீங்க?” என்றார். அவர் வீட்டில் அந்தக் குளிர்ப்பெட்டி காலியாக இரைந்துகொண்டிருந்தது. அந்த மாதத் தவணைக்கு அவர் காதுத் தோட்டை அடகு வைத்ததை மகன் சொல்லித்தான் அறிந்தேன். புது அட்டைக்கான பணத்தை நான் கொடுத்தேன். தை மாதத்தை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

அன்றிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்கிற முறை இதுதான். அச்சு மாதிரி வந்ததும் ஒருவர் எண்ணை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்க வேண்டும். இன்னொருவர் அதைக் கேட்டு வேறொரு கைப்பேசியில் தட்டி அழைக்க வேண்டும். நம் கைப்பேசி மணி அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால்தான் எண் சரி. கியூஆர் குறியீட்டையும் அடுத்தவர் கைப்பேசியால் திறந்து பாருங்கள். பிறகு, நம் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளை ஒன்றிடமும், வீட்டில் மூத்தவரிடமும் அட்டையைக் கொடுத்து, ‘இவர் என்ன செய்கிறார், எங்கே இருக்கிறார்?’ என்று கேளுங்கள். இருவரும் பதில் சொல்லிவிட்டால் அச்சுக்குக் கொடுங்கள். முதல் முறை 100 அட்டை போதும். பிழை இருந்தாலும் நஷ்டம் சின்னது.

அட்டையைக் கண்ட இடத்தில் விநியோகிப்பதைவிட, வேலையோடு சேர்த்துக் கொடுப்பது மேல். மாலைக் கூடையில் இரண்டு அட்டை இருக்கட்டும். கூடாரம் போடுபவர், சமையற்காரர், மணப்பெண் அலங்காரம் செய்பவர் ஆகியோரிடம் ஐந்தைந்து கொடுத்து, அவர்களுடையதையும் வாங்கி வையுங்கள். ஜப்பானியர்கள் இந்த அட்டையை இரு கையாலும் கொடுத்து, இரு கையாலும் வாங்கி, ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பார்களாம். நமக்கும் வெற்றிலை பாக்கு கொடுக்கும் மரபு தெரியும். அந்த மரியாதையோடு வலக்கையால் கொடுங்கள்.

அக்காவின் புது அட்டை வெள்ளை நிறம். மேலே ‘மாலை கட்டித் தரப்படும்’. அதன் கீழ் ‘திருமணம், கோயில், வரவேற்பு, இறுதிச் சடங்கு’. பிறகு அவர் பெயர், பெரிதாக எண், கோயிலுக்கு எதிர்ச் சந்து என்ற அடையாளம். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாதுதான். ஆனால் அந்த வைகாசியில் இரண்டு கல்யாணத்துக்கு அந்த எண்ணில் அழைப்பு வந்தது. ஆவணியில் அடகு மீண்டது.

பழைய அட்டையில் ஒன்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

இதைப் படிக்கிற உங்களிடமும் ஓர் அட்டை இருக்குமானால், பக்கத்தைத் திருப்புமுன் அதை எடுங்கள். அதிலுள்ள எண்ணை வேறொரு கைப்பேசியிலிருந்து இப்போதே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.